கல்யாணம் வரைக்கும் மட்டும் பூசிக்கட்டுமா, டாக்டர்?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மூத்த மகளுக்கு 25 வயது, ஐரோலியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே கருப்பு. வரன் பார்க்க ஆரம்பித்தபோது இரண்டு இடம் "நிறம் கம்மி" என்று தட்டிப் போனது. பார்லரில் சொன்னார்கள் என்று மெடிக்கலில் ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் நல்ல கலர் வந்தது. மூன்று வருடமாகப் பூசுகிறாள். இப்போது இரண்டு நாள் நிறுத்தினாலும் முகம் நெருப்பாக எரிகிறது, கொப்புளம் வருகிறது. திரும்பப் பூசினால் அடங்கிவிடுகிறது. கன்னத்தில் முடியும் அதிகமாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். பையன் வீட்டார் இந்த நிறத்தில் பார்த்துத்தான் சம்மதித்தார்கள். கல்யாணம் வரைக்கும் மட்டும் பூசிக்கட்டுமா? இல்லையென்றால் குளூட்டாதயோன் ஊசி போடலாமா? பையன் வீட்டில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? நம் ஜனங்கள் என்றைக்கும் சிவப்பைத்தானே விரும்புகிறார்கள், நான் என்ன செய்ய? சின்னவளுக்கு 13 வயது, அக்காவைவிடக் கருப்பு. அவளும் அந்த ட்யூபை எடுத்துப் பூசுகிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.

— செம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் பகீரென்றது. கல்யாணப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சின்னவள்.

இன்று ராத்திரியே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். "எடுத்தியாடி?" என்ற அதட்டல் வேண்டாம். "அக்கா போடுற க்ரீம் நல்லதில்லையாம், நான்தான் தெரியாம வாங்கிக் கொடுத்துட்டேன், நீயும் போட்டிருந்தா சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். எத்தனை நாளாகப் பூசுகிறாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஓரிரு வாரம் என்றால் அப்படியே நிறுத்திவிடலாம். மாதக்கணக்கு என்றால் நீங்களாக எதுவும் செய்யாமல் அக்காவோடு சேர்த்து அவளையும் அழைத்து வாருங்கள். பிள்ளைகளின் தோல் மெல்லியது, உடம்பு சிறியது, பூசிய மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேரும். அதிலும் முகம் வேறு கணக்கு. முன்கையில் பூசுகிற ஸ்டீராய்டைவிடத் தாடையோரத்தில் பூசுவது ஏறக்குறைய 13 மடங்கு உள்ளே போகும். அந்த ட்யூபை இன்றைக்கே அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள், நான் அதைப் பார்க்க வேண்டும்.

இனி மூத்தவள். கல்யாணம் வரைக்கும் மட்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், கூடாது. ஒரு வாரம்கூட இஷ்டத்துக்குப் பூசக் கூடாது. ஆனால் நாளைக் காலையில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இது கேட்பதற்கு முரணாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினலோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். இவையெல்லாம் ஸ்டீராய்டு. நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால், கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று இன்னும் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றும் கலந்த இந்த மருந்து மங்குக்காக வந்தது. மங்கு விழுந்த இடத்தில் மட்டும், ராத்திரியில் மட்டும், டாக்டரின் கண்காணிப்பில் அதிகபட்சம் எட்டு வாரம். உங்கள் மகள் 150 வாரத்துக்கு மேல் முகம் முழுக்கப் பூசியிருக்கிறாள். 2018-இல் மத்திய அரசு தோலில் பூசப்படும் பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. செம்பூர் ஸ்டேஷன் பக்கமோ தாராவி 90 அடி ரோட்டிலோ ஏதாவது ஒரு மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள், சோப்பு எடுத்துக் கொடுப்பது போல எடுத்துக் கொடுப்பார்கள்.

"ஒரே மாதத்தில் நல்ல கலர் வந்தது" என்கிறீர்களே, அந்தக் கலர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டீராய்டு பட்டதும் தோலுக்கடியில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ரத்தம் குறைந்த தோல் வெளுக்கும். ஒரு ஸ்டீராய்டு எவ்வளவு வீரியமானது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான்: கையில் ஒரு பொட்டுத் தடவி, எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். 1962-லிருந்து இந்தச் சோதனை இருக்கிறது. உங்கள் வீட்டில் "ஆஹா, நிறம் வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டது அந்த வெளுப்பைப் பார்த்துத்தான். நிறமியைத் தயாரிக்கும் செல்களையும் அது அடக்கி வைக்கும். கூடவே ஒவ்வொரு ராத்திரியும் தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நாளாக ஆக, சுருங்கிய குழாய்கள் எதிர்ப்பக்கம் திரும்பி விரிந்துவிடும். மருந்து கிடைக்காத அன்று மொத்தமாகத் திறந்துகொள்ளும். நெருப்பாக எரிகிறது என்றீர்களே, அது அதுதான். பழைய நிறம் திரும்பி வரும்போது எரியாது. எரிவது ஸ்டீராய்டுக்குப் பழகிப்போன தோல்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பெண் வந்தாள். பெயர், ஊர் எதுவும் சொல்லமாட்டேன். துப்பட்டாவை முகத்தைச் சுற்றி மூன்று சுற்று சுற்றியிருந்தாள். அவிழ்த்தபோது கன்னத்துத் தோல் வெங்காயத்தின் உள்சருகு போல இருந்தது, அதற்கடியில் சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய்கள். விரலால் லேசாக அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் வெளுத்து, நான் கையை எடுத்ததும் குபுக்கென்று சிவந்தது. பையிலிருந்து ட்யூபை எடுத்துக் காட்டினாள். பேஸ்ட் ட்யூபைச் சுருட்டுவது போல அடியிலிருந்து சுருட்டி, அதுவும் தீர்ந்த பிறகு கத்தரியால் இரண்டாக வெட்டி, உள்ளே விரல் விட்டு வழித்திருந்தாள். அந்த உலோகத் தகட்டில் அவள் நகம் கீறிய கோடுகள் இருந்தன. அதற்குப் பிறகு எந்த ட்யூபைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கோடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

உங்கள் மகளுக்கு இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நேரில் பார்த்தபின் மருந்தின் பெயர்களை எழுதித் தருவேன். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, படிப்படியாக இறக்கி, அதற்குப் பிறகு ஸ்டீராய்டு இல்லாத வேறு களிம்பு. தேவைப்பட்டால் சில வாரம் மாத்திரை. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், காலையிலும் மதியமும் சன்ஸ்க்ரீன். வீட்டில் உள்ளதெல்லாம் சும்மா இருக்கட்டும்: எலுமிச்சை, கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், தக்காளி, ஆவி பிடிப்பது, ப்ளீச், ஃபேஷியல், த்ரெட்டிங் எதுவும் அந்த முகத்தில் படக் கூடாது. கல்யாணத்துக்கென்று பார்லரில் முன்பணம் கட்டிய ப்ரைடல் பேக்கேஜ் இருந்தால் முகத்துக்கு உரியதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும். முன்பைவிட மோசமாகிவிட்டதே என்று நீங்களே பயந்து ட்யூபைத் தேடுவீர்கள். அந்த நேரத்தில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். தாண்டிவிட்டால் எரிச்சல் குறையும், கொப்புளம் அடங்கும். முழுக்கச் சரியாகச் சிலருக்குச் சில வாரம், மூன்று வருடம் பூசியவர்களுக்குப் பல மாதம். ஆகவே தை மாதத்தில் முகம் முழுக்கத் தெளிந்திருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சில இடங்களில் அவளுடைய சொந்த நிறத்தைவிடக் கருமையாகத் திட்டு விழுந்து, மெல்ல மெல்ல மறையும். சில ரத்தக் குழாய்கள் மறையாமலே போகலாம். அதற்கு லேசர் இருக்கிறது, அவசரமில்லை. மேக்கப் போடுகிற பெண்ணிடம் மட்டும் முன்கூட்டிப் பேசுங்கள். கழுத்தின் நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஷேடு ஏற்றிப் போட்டு மாவு பூசின மாதிரி மணமேடையில் உட்காரவைக்கிற வேலை வேண்டாம்.

குளூட்டாதயோன் ஊசியும் வேண்டாம். நிறம் மாற்றுவதற்கென்று அதற்கு அனுமதி கிடையாது. அமெரிக்காவிலும் கிடையாது. அந்த ஊசி மோகம் தலைவிரித்தாடிய பிலிப்பைன்ஸில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சிறுநீரகத்துக்கும் தோலுக்கும் ஆபத்து என்று எச்சரிக்கை விட்டது. கிடைக்கிற வெளுப்பும் நிற்காது, நிறுத்தினால் போய்விடும். பிறகு இன்னொரு ஊசிச் சங்கிலி ஆரம்பிக்கும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ட்யூப் தவிர, பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவில் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் அதில் பாதரசம் இருக்கலாம். 2020-இன் அழகுசாதன விதிகள் பாதரசத்தைத் தடை செய்கின்றன, ஆனாலும் வெளியிலிருந்து வருகிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். கால் வீக்கம், காலையில் கண்ணிமை வீக்கம், சிறுநீர் நுரைத்துப் போவது, இதில் எது இருந்தாலும் என்னிடம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சயான் ஆஸ்பத்திரியிலோ கே.இ.எம்.மிலோ கேஸ் பேப்பர் எடுத்து அன்றைக்கே காட்டுங்கள்.

இதுவரை சொன்னது முகத்துக்கு. நீங்கள் கேட்டதில் பாதிதான் முகத்தைப் பற்றியது என்பது எனக்கும் தெரியும்.

பையன் வீட்டில் சொல்ல வேண்டுமா? வேண்டும். ஆனால் நீங்கள் சம்பந்தியம்மாளிடம் சொல்லக் கூடாது. உங்கள் மகள் அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும். அம்மாக்கள் பேசினால் அது நிறப் பேச்சாக ஆகி, பவுன் பேச்சாக முடியும். நம் பக்கத்தில் நிறத்துக்கு விலை உண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி, நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்ற வாக்கியத்துக்கு எத்தனை பவுன் என்று கல்யாணத் தரகர்களுக்குக் கணக்கே இருக்கிறது. அவர்கள் அப்படிக் கேட்டால் அது வரதட்சணை, 1961-லிருந்து குற்றம். நகையைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம்கூட நினைக்காதீர்கள். நீங்கள் கூட்டுகிற ஒவ்வொரு பவுனும் அவள் நிறம் ஒரு குறை என்று நீங்களே எழுதிக் கொடுக்கிற ரசீது.

அவள் சொல்ல வேண்டியது பெரிய விஷயமில்லை. "மூணு வருஷமா ஒரு க்ரீம் போட்டேன், அது ஸ்டீராய்டாம், என் முகம் கெட்டுப் போச்சு, இப்ப நிறுத்துறேன். கொஞ்ச நாள் முகம் ரொம்ப மோசமா இருக்கும். அப்புறம் நான் என் நிறத்துக்கு வந்துருவேன். என் நிறம் இதுதான்" என்று சொல்லி, க்ரீமுக்கு முன் எடுத்த ஒரு போட்டோவைக் காட்டினால் போதும். காலேஜ் ஐ.டி. கார்டு போட்டோ இருக்கும், ஃபில்டர் இல்லாதது. மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

கல்யாணம் நின்று போனால்? நிற்கலாம். இல்லை என்று நான் உங்களைத் தேற்றமாட்டேன். இந்த இருபத்தெட்டு வருடப் பிராக்டிஸில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். "அதுக்கு ஏன் இவ்வளவு பயந்தே?" என்று கேட்டு, கூடவே க்ளினிக்குக்கு வந்த மாப்பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன வீட்டையும் பார்த்திருக்கிறேன். மண்டப அட்வான்ஸ் போகும், ஊரில் நாலு பேர் பேசுவார்கள், உங்களுக்கு வயிறு எரியும். ஆனால் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக் கொடுத்தால் அவள் அந்த வீட்டில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ட்யூப் பிதுக்க வேண்டும். பிள்ளை உண்டானால் ட்ரெட்டினாயின் கலந்த மருந்தைத் தொடவே கூடாது, அப்போது என்ன செய்வாள்? இந்தப் பயத்தோடு அவள் ஐம்பது வருடம் இருக்க வேண்டும் என்றா வளர்த்தீர்கள்?

"வாங்கிக் கொடுத்தேன்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை நடுங்கியிருக்கும். நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. ஏற்றினால் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இதே மூன்று மருந்துக் கலவையை மங்குக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதாமல் அனுப்பியிருக்கிறேன். அந்தச் சீட்டுகள் தங்கச்சிக்கு, நாத்தனாருக்கு, பக்கத்து ரூம்காரிக்கு என்று கைமாறிக் கைமாறிப் போயிருக்கும். இப்போது எழுதினால் நிறுத்தும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, என் கண் முன்னால் வாசிக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்ததற்குப் பின்னால் ஒரு ஊரே நிற்கிறது. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது, இதே மும்பையில் தலைமையகம் உள்ள கம்பெனியிலிருந்து. கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று நம் வரவேற்பறைக்கே வந்து சொன்னார்கள். ஆண்களுக்கென்று 2005-இல் தனி க்ரீம் வந்தது. கருத்தவர்களைச் சோகமாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் விதி கொண்டுவர 2014 ஆனது. 2020-இல் பெயரிலிருந்து ஃபேர் போய் க்ளோ வந்தது. அதே வருடம் பெரிய கல்யாணத் தளம் ஒன்று நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. பெயரை எடுப்பது சுலபம். உங்கள் மகளைப் பார்க்க வந்த இரண்டு வீட்டாருக்கும் அந்தப் பட்டன் தேவைப்படவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்து முடித்துவிட்டார்கள்.

"நம் ஜனங்கள் என்றைக்கும் சிவப்பைத்தானே விரும்புகிறார்கள்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சங்கப் பாட்டுகளில் பெண்ணின் அழகுக்கு மாமை என்றொரு சொல் உண்டு. மாந்தளிர் போன்ற மாநிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமையைப் பசலை தின்றுவிடுகிறது என்று தலைவி புலம்புவாள். பசலை என்பது வெளுப்பு. நிறம் போய் வெளுப்பது அங்கே நோய். ரத்தக் குழாய் சுருங்கி வெளுத்த ஒரு கன்னத்தைப் பார்த்து நாம் திருஷ்டி சுற்றிப் போடுகிறோம், அந்தக் காலத்துத் தோழி பார்த்திருந்தால் "உனக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டிருப்பாள்.

அவ்வளவு தூரம் போவானேன். என் ஆச்சியின் பெயர் கருப்பாயி. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். ஊரில் அந்தப் பெயரோடு தலை நிமிர்ந்துதான் நடந்தாள். தாராவிக்கு வந்தபின் ரேஷன் கார்டு எழுதும்போது என் தாத்தா அதைப் பார்வதி என்று மாற்றிக் கொடுத்தார். ஏன் தாத்தா என்று பிறகு கேட்டேன். "இங்க காலி காலின்னு சிரிக்கான் பிள்ளே" என்றார். காலி என்றால் இந்தியில் கருப்பி. அறுபதுகளின் கடைசியில் இந்த ஊரில் தென்னிந்தியர்களுக்கு எதிராக "லுங்கியை விரட்டு" என்று கோஷம் போட்ட காலம் உங்கள் மாமனார், மாமியாருக்கு நினைவிருக்கும். மொழியையும் நிறத்தையும் சேர்த்து "மதராசி" என்று துப்பினார்கள். அந்த அவமானத்தைத் தெருவில் வாங்கிக்கொண்டு வந்த நம் ஆட்கள் அதை வாசலிலேயே கழற்றி வைத்திருக்கலாம். வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பூசினோம். நான் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால், கோயில் கொடைக்கு வந்த சித்திகள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பம்பாய்த் தண்ணி குடிச்சும் நிறம் வரலியே" என்பார்கள். எனக்கு அப்போது 12 வயது. தண்ணீர் குடிக்கிற அளவைக் கூட்டிப் பார்த்தேன்.

இத்தனைக்கும் வடாலாவில் விட்டல் கோயில் இருக்கிறது. ஆஷாட ஏகாதசிக்கு மழையில் வரிசையில் நின்று, கன்னங்கரேலென்று இடுப்பில் கைவைத்து நிற்கிறவரைக் கண்ணில் நீர் வழியப் பார்ப்பார்கள். அவரது கருமையைச் சொல்லிச் சொல்லித்தான் மராத்தியில் பாடுகிறார்கள். நாமும் கண்ணன் என்போம், காளி என்போம், கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்போம். சாமியின் கருப்பு வேறு, மருமகளின் கருப்பு வேறு என்று எப்படியோ பழகிவிட்டோம். அதனால் "கடவுளே கருப்புதானே" என்று உங்கள் மகளிடம் ஆறுதல் சொல்லாதீர்கள். அது அவளுக்கு உதவாது. பள்ளிக்கூடத்தில் "காலி கலூட்டி" என்று கூப்பிட்ட பிள்ளைகளும் வீட்டில் அதே சாமியைத்தான் கும்பிட்டார்கள்.

மறுபடியும் சின்னவளுக்கு வருகிறேன். அவளைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே விவரம்தான்: அக்காவைவிடக் கருப்பு. என்ன படிக்கிறாள், என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், எதுவும் இல்லை. அவசரக் கடிதம், இடமில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் அக்காவைவிட என்ற அந்த அளவுகோல் உங்கள் வீட்டில் எத்தனை முறை வெளியே எடுக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒருத்தி கருப்பு, ஒருத்தி அதைவிடக் கருப்பு, இதில் உங்கள் வயிற்றின் மேல் குற்றம் இல்லை, குடிக்காமல் விட்ட குங்குமப்பூப் பாலின் மேலும் இல்லை. நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதில் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே தோல் வெளிர்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். யாருக்கு எது போய்ச் சேரும் என்பது சீட்டுக் கலைத்துப் போடுவது போலத்தான். நிறமிச் செல்களின் எண்ணிக்கைகூட வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை கட்டித் தருகிற மெலனின் பொட்டலம் நமக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நம் வெயிலுக்கு அது குடை.

ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." நம் வீடுகளில் இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறோம். "கருப்பா இருந்தாலும் நல்லா படிக்கிறா." "கருப்பா இருந்தாலும் முடி எவ்வளவு நீளம் பாரு." களை, படிப்பு, முடி எல்லாம் அவள் காதில் விழுவதேயில்லை. அந்த "இருந்தாலும்" மட்டும் விழுகிறது. எதையோ ஈடு கட்டத்தான் தான் படிக்க வேண்டும், அடங்கியிருக்க வேண்டும், அதிகம் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடும். என்னிடம் ட்யூபோடு வருகிறவர்களில் முதல் மார்க் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்! ஆண் பிள்ளைகளும் வருகிறார்கள், "கருவாயா" என்று கூப்பிட்ட நண்பர்களோடு சிரித்துவிட்டு, கதவைச் சாத்தியதும் அழுகிறார்கள்.

உங்கள் வீட்டில் அந்த "இருந்தாலும்" இன்றோடு நிற்கட்டும். ஊரிலிருந்து வருகிற மதினியோ, ஃபோனில் பேசுகிற மாமியாரோ சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். பிள்ளை கேட்கும்படி, அந்த இடத்திலேயே, "எங்க வீட்டுல அப்படிப் பேசறதில்லை மதினி" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். அம்மா தனக்காக ஒரு வாக்கியம் பேசினாள் என்பது அந்தப் பிள்ளைக்கு என் களிம்புகளையெல்லாம்விடப் பெரிது. எனக்கு 12 வயதில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவளுக்குத் துணி எடுக்கும்போது "உன் நிறத்துக்கு இது எடுக்காது" என்று மஞ்சளையும் சிவப்பையும் தள்ளி வைக்காதீர்கள், அவள் கை எதன் மேல் போகிறதோ அதை எடுங்கள். வெயிலில் விளையாடாதே, கருத்துடுவே என்று சொல்லியிருந்தால், நாளை மாலை நீங்களே அவளைக் கீழே அனுப்புங்கள்.

மூத்தவள் இந்த இரண்டு மாதமும் சோர்ந்து போவாள். கண்ணாடியைப் பார்த்து அழுவாள். சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்குப் போகாமல் முடங்கினாலோ, இருந்து என்ன பயன் என்பது போலப் பேசினாலோ அதை நிறக் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை கேட்க மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் நான் தருகிறேன். உண்மையான காரணத்தையே எழுதித் தருகிறேன்.

இந்த வாரத்துக்குள் இருவரையும் அழைத்து வாருங்கள். அதுவரை மூத்தவள் இப்போது பூசும் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ட்யூப், டப்பா, ஃபேஸ்வாஷ், பார்லர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். முகத்தில் பவுடர்கூட வேண்டாம். மாலை ஆறு மணிக்குமேல் வாருங்கள், வெயில் தணிந்திருக்கும். அவள் முகத்துக்கு இப்போது ஆட்டோவில் வருகிற வெயில்கூட ஆகாது. சின்னவளை உள்ளே கூப்பிடும்போது நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டியிருக்கும், தப்பாக நினைக்க வேண்டாம். பம்பாய்த் தண்ணீர்க் கதையை அவளிடம் நான் சொல்ல வேண்டும்.